ஒத்தப் பட்டன் பந்தயம்

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல. நெனச்சா பல்லக் கடிக்கிறேன். என் தம்பியத் திட்டுறதா, அவன உசுப்பேத்தினவனுங்களத் திட்டுறதான்னே தெரியல.

அம்பத்தூர் எஸ்டேட்டுல கார் பார்ட்ஸ் செய்யிற சின்னக் கம்பெனி. நான் அங்க செக்கிங்ல இருக்கேன். பிரஸ் மெஷின்லேர்ந்து வர்ற பிராக்கெட்ட எடுத்துப் பாத்து, பிசிறு இருந்தா ஒதுக்கி வெக்கணும். என் தம்பி அதே கம்பெனில பிரஸ் ஆபரேட்டர். என் மேசையிலேர்ந்து பாத்தா அவன் முதுகு தெரியும்.

அந்த பிரஸ் மெஷின்ல தகட்ட உள்ள வெச்சுட்டு, ரெண்டு பட்டன ரெண்டு கையாலயும் ஒண்ணா அமுக்கணும். அப்பதான் மேலேர்ந்து டை, அதான் வெட்டுற அச்சு, இறங்கி வெட்டும். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா உள்ள மாட்டாது பாருங்க, அதுக்குத்தான் அப்படி வெச்சிருக்கான். நம்ம ஆளுங்க இன்னா பண்ணுவானுங்க? ஒரு பட்டன்ல குச்சிய சொருகி, டேப்ப சுத்தி, அமுங்கினபடியே விட்டுடுவானுங்க. அப்புறம் ஒரு கை பட்டன்ல, ஒரு கை தகட்டுல. வேலை பறக்கும், டார்கெட் முடியும். ஆடிட் பண்ண ஆளுங்க வர்ற அன்னிக்கு மட்டும் குச்சி பாக்கெட்டுக்குப் போயிடும்.

அது போதாதுன்னு பந்தயம் வேற. சனிக்கிழமையில, சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள எவன் அதிகமாப் பீஸ் தட்டுறான்னு. தோத்தவன் ஜெயிச்சவனுக்குச் சாப்பாடு வாங்கித் தரணும். பாதி ஷாப்பு என் தம்பி பக்கம்தான் நிக்கும். "மாமே, உன் கைய எவனாலயும் புடிக்க முடியாது"ன்னு ஏத்திவிடுவானுங்க. இவனும் காலரத் தூக்கி விட்டுகினு போவான்.

இத்தனைக்கும் இவன மாதிரி பயந்தாங்கொள்ளி கிடையாது. சென்னீர்குப்பத்துல ஊடு. அங்கேர்ந்து எஸ்டேட்டுக்கு என் ஸ்கூட்டிலதான் பின்னாடி உக்காந்து வருவான். பைபாஸ்ல கன்டெய்னர் லாரி பக்கத்துல வந்தாப் போதும், என் தோளப் புடிச்சிகினு "யக்கா, மெதுவா, மெதுவா"ன்னு அலறுவான். அதே ஆளு வண்டிய அவன் ஓட்டினா ரெண்டு லாரிக்கு நடுவுல பூந்து போவான். பயமெல்லாம் அடுத்தவன் ஓட்டும்போதுதான். கேரளா லாட்டரிச் சீட்டு வாங்குறவனப் பாத்தா "லூசுங்க"ம்பான், ஆனா ஃபோன்ல ரம்மி ஆடுவான். கேட்டா, "அது குலுக்கல், இது மூளை"ன்னு வியாக்கியானம். ஊட்டுல தாயம் ஆடினாலும் கட்டைய அவன்தான் உருட்டணும். பெரிய எண் வேணும்னா ஓங்கி அடிப்பான், ஒண்ணு வேணும்னா பதமா விடுவான். கட்டைக்கு இன்னாடா தெரியும், எருமை! அவன் கையில ஒரு பொருளு வந்துட்டா அது அவன் பேச்சக் கேக்கும்னு நெனப்பு.

ஒரு நாள் தாங்காம நானே போய் அந்தக் குச்சியப் புடுங்கி எறிஞ்சேன். எல்லார் எதிர்லயும் என்கிட்ட சண்டைக்கு வந்தான்.

"யக்கா, இத்தினி நாளா தட்றேன், ஒரு கீறல் கீதா? பக்கத்து மெஷின்காரனுக்கு நகம் போச்சுன்னா, அவன் எங்கியோ பாத்துகினு இருந்தான். எனக்கு சத்தத்துலயே தெரியும், டை எப்ப இறங்கும்னு. என் மெஷினு என்ன ஒண்ணும் பண்ணாது."

இதுவரைக்கும் அடி படலையாம், அதனால இனிமேலும் படாதாம். இதுக்கு மேல இன்னா பேசுறது? சூப்பர்வைசர்கிட்ட போனேன். அவரு கண்ணாடியத் தொடச்சிகினே, "அவன் கில்லாடிம்மா, ஒண்ணும் ஆவாது. நீ போய் உன் வேலையப் பாரு"ன்னாரு. பாதுகாப்பு வாரத்துல மைக்கப் புடிச்சு எங்களுக்கு உறுதிமொழி சொல்லிக் குடுத்தவரே இவருதான். தூ!

போன மாசம் ஒரு சனிக்கிழமை. பந்தயம் நடந்துகினு இருந்துச்சு. இவன் தட்டத் தட்ட, சுத்தி நின்னவனுங்க சத்தமா எண்ணிகினு இருந்தானுங்க. நான் பிராக்கெட்ட பாத்துகினு இருந்தேன். திடீர்னு எண்ற குரலு நின்னுச்சு. நிமிந்து பாத்தா என் தம்பி வலது மணிக்கட்ட இடது கையால இறுக்கிப் புடிச்சிகினு நிக்கிறான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயிடுச்சு.

ஆஸ்பத்திரிக்கு சூப்பர்வைசரும் வந்தாரு. டாக்டர்கிட்ட "ஆபரேட்டரோட கவனக் குறைவுங்க"ன்னாரு. நேத்து வரைக்கும் கில்லாடி, இன்னிக்குக் கவனக் குறைவாம். அந்த வாயில மண்ண அள்ளிப் போடணும் போல இருந்துச்சு.

மறுநாள் கட்டில்ல படுத்திருந்த தம்பி பக்கத்துல போய் உக்காந்தேன். அழுவான்னு நெனச்சேன். அவன் கூரையப் பாத்துகினே பேசினான்.

"யக்கா, நேத்து டை மாட்டினது நைட் ஷிப்ட்காரன். நான் செட் பண்ணியிருந்தா இப்படி ஆயிருக்கவே ஆயிருக்காது."

"குச்சிய சொருகினது யாருடா?"

"நான்தான். அதான் சொல்றேன், அதுல ஒரு தப்பும் இல்ல."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அடிபட்டவன்னும் பாக்காம கைய ஓங்கிட்டேன். அவன் கையில போட்டிருந்த கட்டப் பாத்ததும் என் கை தானா கீழ வந்துடுச்சு.

அந்த நேரம் பாத்து பந்தயக்காரனுங்க வந்தானுங்க. ஒருத்தன் கையில பூந்தமல்லி பிரியாணிப் பொட்டலம். தலையக் குனிஞ்சிகினே, "மச்சான், அது வரைக்கும் நீதான்டா முன்னாடி இருந்த. நீதான் ஜெயிச்ச"ன்னான். அந்தப் பொட்டலத்த அவன் மூஞ்சியிலயே விட்டெறிஞ்சிருப்பேன், சோமாறிங்க! திரும்பி தம்பியப் பாத்தேன். அவன் மொகத்துல சிரிப்பு. "பாத்தியாக்கா?"ன்றான்.

பொட்டலத்தப் பிரிச்சு இடது கையால அள்ளினான். சோறு மடியெல்லாம் கொட்டுச்சு. மறுபடி அள்ளினான், மறுபடி கொட்டுச்சு.

"ஊட்டி வுடுக்கா."

அத்தனை தடியனுங்களும் பாத்துகினு நின்னானுங்க. நேத்துலேர்ந்து ஒண்ணும் தின்னாதவன். வேற இன்னா பண்றது, பெசஞ்சு ஊட்டினேன். அவன் ஆசையா மென்னுகினே சொன்னான்:

"யக்கா, சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வை. நான் வர்ற வரைக்கும் என் மெஷின்ல வேற எவனையும் நிக்க வெக்கக் கூடாது."