மேலே அக்கா தூங்குறாங்க

அந்தக் கராத்தே பள்ளியில் சேருகிற பிள்ளைக்கு வணக்கம் வைக்கக் கற்றுத்தருவதற்கு முன்பே ஒன்றைக் காதில் போட்டுவிடுவார்கள். "மேலே அக்கா தூங்குறாங்க. சத்தம் போடக் கூடாது."

சத்தம் போடாமல் என்ன கராத்தே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அடிக்கிற அடியோடு அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தலும் சேர்ந்து வர வேண்டும், அது வராவிட்டால் அடியே கணக்கில்லை. மற்ற பள்ளிகளின் வாசலில் நின்றால் காது கிழியும். இங்கேயோ நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் காலை மடக்கிக் கையை நீட்டி வாயை ஆவென்று பிளப்பார்கள். வெறும் காற்றுதான் வரும். சண்டைப் படத்தை டிவியில் சத்தத்தை அமுக்கிவிட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கும். அதனால்தான் பள்ளி நடத்துகிறவருக்கு 'மியூட் மாஸ்டர்' என்று பெயர் விழுந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது அவர் மனைவிக்கே யோசித்தால்தான் ஞாபகம் வரும்.

மாஸ்டருக்கு வயது ஐம்பத்தாறு. காலை ஆறிலிருந்து மூன்று வரை லிஃப்ட் மெக்கானிக். மூன்றரைக்குக் கையில் கிரீஸோடு வந்து ஷட்டரைத் தூக்குவார். ஒரு காலத்தில் டயர் கிடங்காக இருந்த இடம். எத்தனை முறை கழுவினாலும் ரப்பர் நாற்றம் போகவில்லை. நடுவில் ஒரு தூண், அதைச் சுற்றிப் பழைய மெத்தை. பாதிப் பிள்ளைகள் கராத்தேமீது ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை, வீட்டில் பூட்டுத் தொங்குவதால் வந்தவர்கள். தாய் தையல் ஆலையிலிருந்தும் தகப்பன் மார்க்கெட்டிலிருந்தும் திரும்புகிற ஆறு மணி வரைக்கும் அவர்கள் போக்கிடம் இதுதான். மாஸ்டருக்கும் அது தெரியும். ஞாயிறு ஒரு நாள்தான் அவருடைய முழங்காலுக்கு விடுமுறை. அன்று அசையாமல் படுத்துக் கிடப்பார்.

பதினோரு வருஷத்துக்கு முன், பள்ளி தொடங்கிய முதல் வாரத்தில், மாடியில் குடியிருந்த நர்ஸ் இறங்கி வந்தாள். திட்டவில்லை, சண்டை போடவில்லை. கண் சிவந்திருந்தது. "அண்ணே, எனக்கு நைட் ஷிஃப்ட். பகல்லதான் தூங்கணும். மூணு நாளா தூங்கல. நேத்து ஒருத்தருக்கு மருந்தை மாத்திக் குடுக்கப் போயிட்டேன், கடைசி நிமிஷத்துல பாத்தேன்" என்றாள். மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான்.

இப்போது அந்த வாய்க்கு வினை வந்திருக்கிறது. பிள்ளைகள் தேறினால் இடுப்பில் கட்டுகிற கலர்ப் பட்டை, அதைக் கொடுக்கிற உரிமையைப் புதுப்பிக்க எல்லா மாஸ்டர்களும் பரீட்சை கொடுக்க வேண்டும் என்று கராத்தே சங்கம் சொல்லிவிட்டது. போன மாதம் சங்கத்தின் மண்டபத்துக்குப் போனார். அடி சுத்தம், நிலை சுத்தம், முழங்கால்கூட மானத்தைக் காப்பாற்றியது. கத்த வேண்டிய இடத்தில் வாய் திறந்தது, காற்று வந்தது. மாடியில் யாருமே இல்லாத மண்டபம் அது! பெயிலாக்கிவிட்டார்கள். இடத்தையும் பார்க்க வேண்டும் என்பதால் மறுபரீட்சை பள்ளியிலேயே, வருகிற ஞாயிறு காலை பத்துக்கு. அதிலும் தோற்றால் பட்டை கொடுக்க முடியாது. பட்டை கிடைக்காத பள்ளிக்கு எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? அடுத்த பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். நாற்பதும் தெருவில்தான் நிற்கும்.

மனுஷன் வேலை செய்கிற கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மெஷின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கத்திப் பார்த்தார். முதல் இரண்டு தடவை இருமல்தான் வந்தது. மூன்றாவது தடவை கீச்சென்று ஏதோ ஒன்று கிளம்பி லிஃப்ட் குழிக்குள் இறங்கிப்போக, ஐந்தாவது மாடியில் யாரோ உள்ளே மாட்டிக்கொண்டதாகப் போன் போட்டுவிட்டார்கள். மேற்பார்வையாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "கப்பி கத்துது சார், எண்ணெய் விடணும்" என்று மென்று முழுங்கி, ஒரு குறையும் இல்லாத கப்பிக்கு அரை மணி நேரம் எண்ணெய் விட்டார் மாஸ்டர்.

சனிக்கிழமை இதைக் கேட்டு அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க தொண்டையில ஒண்ணுமில்ல. மேல தூங்குற பொண்ணுதான் அடைச்சுட்டு நிக்குது. போய் ஒரு வார்த்தை கேளுங்க, நாளைக்கு ஒரே ஒரு மணி நேரம் கத்திக்கட்டுமான்னு."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது?"

"இருக்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான்!"

மாடிப்படி பின்சந்தில் இருந்தது. பதினோரு வருஷத்தில் அதில் அவர் கால் வைத்ததில்லை. இரவு வேலைக்குக் கிளம்புமுன் பிடித்துவிடலாம் என்று ஏழரைக்கு ஏறினார். நர்ஸ் வெள்ளை உடுப்பில், தோளில் பையோடு, கதவுப் பூட்டில் சாவியைப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது.

"வேலைக்குக் கிளம்பிட்டியாம்மா?"

"இல்லண்ணே, இப்பத்தான் வரேன்."

"வர்றியா? அப்ப நைட் ஷிஃப்ட்டு?"

"அதெல்லாம் விட்டு மூணு வருஷம் ஆச்சு. இடுப்பு போச்சு, இனி முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். இப்ப காலைல போனா ராத்திரி ஏழு." அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க இன்னும் கீழயா இருக்கீங்க? நான் வீட்ல இருக்கிறது ஞாயித்துக்கிழமை மட்டும்தான். அன்னைக்கு ஒரு மனுஷ சத்தம் கிடையாது. எப்பவோ மூடிட்டுப் போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

மூன்று வருஷம்! ஆளில்லாத வீட்டுக்குக் கீழே நாற்பது பிள்ளைகளை வாயை மட்டும் திறக்க வைத்திருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முழுக்கதையையும் கேட்டு முடித்ததும் நர்ஸும் இரண்டு படி மேலே உட்கார்ந்தாள்.

"யாராவது ஒருத்தர் மேல வந்து கேட்டிருக்கக் கூடாதாண்ணே?"

"நீ தூங்கிட்டிருப்பேன்னுதாம்மா யாரும் வரல."

அவள் சிரிக்க ஆரம்பித்துக் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லாக் கத்துங்கண்ணே" என்றாள்.

ஞாயிறு பத்து மணிக்குச் சங்கத்திலிருந்து பெரிய மாஸ்டர் வந்தார். சுவரோரமாகப் பிள்ளைகளும் தாய்மார்களும், முன்வரிசையில் மனைவி. மாஸ்டர் தூணைச் சுற்றி அடிமுறையைச் செய்து முடித்தார். கடைசிக் குத்தில் வாய் திறந்தது. காற்று. பெரிய மாஸ்டர் இன்னொரு தடவை செய்யச் சொன்னார். மறுபடியும் காற்று. மேலே யாரும் தூங்கவில்லை என்று ஆளுக்குத் தெரியும்; வயிற்றுக்கு யார் போய்ச் சொல்வது?

"மாஸ்டர், இதுதான் கடைசி. இதுக்கு மேல எனக்கும் அதிகாரம் இல்ல" என்றார் பெரியவர். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

மாஸ்டர் இடுப்புப் பட்டையை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. அப்போது கூரையில் டக், டக் என்று துடைப்பக் கட்டையால் இடிக்கிற சத்தம். ஜன்னல் வழியாகக் குரல் வந்தது.

"அண்ணே! நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன்!"

மாஸ்டர் மேலே பார்த்தார். பிறகு குத்தினார். கத்தினார் பாருங்கள், ஷட்டர் தகடு அதிர்ந்தது, ஒரு கைக்குழந்தை வீறிட்டது, மனைவி ஐயோ என்று எழுந்தே விட்டாள். பதினோரு வருஷத்துக் கத்தல் அது. முடிந்ததும் அவர் குழந்தை மாதிரி அழுதார், யார் பார்த்தால் என்ன என்று அழுதார்.

பெரிய மாஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பிள்ளைங்களும் ஒரு தடவை கத்தட்டுமே" என்றார். நாற்பதும் எழுந்து வரிசையாக நின்று, கையை நீட்டி, வாயை ஆவென்று பிளந்தன. காற்றுதான் வந்தது. அதுகளுக்கு வேறென்ன தெரியும்? இனி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்தபோதே மாஸ்டருக்கு உடம்பெல்லாம் வலித்தது.

"என்னண்ணே, பிள்ளைங்க சத்தத்தைக் காணோம்?" என்றது மேலிருந்து.

"நாளையிலேருந்து கேக்கும்மா" என்றார், கட்டிப்போன தொண்டையில்.

"நாளைக்கு நான் வேலைக்குப் போயிடுவேனே!"

மாஸ்டர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்காலைத் தடவினார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"அப்ப ஞாயித்துக்கிழமையும் வகுப்பு வச்சுடறேம்மா" என்றார்.

"போச்சு, இருந்த ஒரு நாளும் போச்சு" என்றாள் மனைவி.