மஞ்சள் கார் போன வீடு

பஸ் டிப்போவில் அவருக்கு ‘நத்தை’ என்று பெயர். முன்னால் போகும் சைக்கிளைக்கூட ஹாரன் அடித்து விரட்டாத டிரைவர். வயதானவர்கள் கைப்பிடியைப் பிடித்து உட்காரும்வரை வண்டியை நகர்த்த மாட்டார். அப்படிப்பட்ட மனுஷன் ஐம்பதைத் தாண்டிய பிறகு, இரண்டே பேர் உட்காரக்கூடிய மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழசாக வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது தெருவே சிரித்தது.

“நத்தைக்கு எதுக்குய்யா ராக்கெட்டு?” என்றார் கண்டக்டர்.

“ஓட்டறதுக்கு இல்லப்பா. உள்ள உக்காந்தா மனசு ஓடும்.”

தரையோடு தரையாக இருந்த அந்தக் காருக்குள் இறங்கி உட்கார அவர் மனைவிக்கு ஒரு பிரயத்தனமே வேண்டியிருந்தது. “ஏறினா இறங்க முடியல, இறங்கினா ஏற முடியல. இதுக்குப் பேரு வண்டியா?” என்று அலுத்துக்கொள்வாள். ஆனாலும் வாரக்கடைசியில் தலைக்கு ஒரு துணியைக் கட்டிக்கொண்டு முதலில் தயாராகி நிற்பவள் அவள்தான்.

அந்தக் காரை அவரைவிட ரசித்தவன் ஒருவன் உண்டென்றால் அது மைத்துனன். மனைவியின் ஒரே தம்பி. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் கடையில் மெக்கானிக். கருவி மூட்டையோடு வீடு வீடாகப் போய் வருகிற வேலை. அத்தான் வீட்டுக்கு வந்தால் முதலில் காரைச் சுற்றி ஒரு வலம் வந்துவிட்டுத்தான் அக்காவைப் பார்ப்பான். ஒரு தடவை தன் மனைவியை வெளியே கூட்டிப்போக வண்டியை இரவல் வாங்கினான். வண்டியைத் திருப்பிக் கொடுத்தவன், மாற்றுச் சாவியைச் சட்டைப் பையிலேயே மறந்துபோய், சில நாள் கழித்துத்தான் கொண்டுவந்து கொடுத்தான். அத்தான் அதைப் பொருட்படுத்தவே இல்லை. அப்போது.

அது ஒரு விடுமுறை நாள் மத்தியானம். மைத்துனன் அக்கா வீட்டு வாஷிங் மெஷினைச் சரிசெய்ய வந்திருந்தான். வேலை முடிந்து, பின்பக்கம் போய் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். காரின் சாவி வழக்கம்போல வாசல் கதவை ஒட்டிய ஆணியில் தொங்கியது. அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணயரும் நேரத்தில் வாசலில் எஞ்சின் உறுமியது. ‘பயலுக்குக் கை சும்மா இருக்காது’ என்று சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். உறுமல் தெருக்கோடியைத் தாண்டித் தேய்ந்தது.

அப்போது பின்கட்டிலிருந்து மைத்துனன் உள்ளே வந்தான். “வண்டிய யாரு அத்தான் எடுத்துட்டுப் போறாங்க?”

இருவரும் வெளியே ஓடினார்கள். கார் நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. சாவி ஆணியிலேயே ஆடாமல் தொங்கியது.

போலீஸ் நிலையத்தில் எழுத்தர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். “வாசல்ல கண்ணாடிச் சில்லு எதுவும் கிடக்கல. சாவி வீட்டுலயே இருக்கு. அப்ப மாற்றுச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

“அதுவும் வீட்டுலதான் சார்.” அவர் நிறுத்தினார். “நடுவுல கொஞ்ச நாள் என் மச்சினன்கிட்ட இருந்துச்சு.”

“அன்னைக்கு அவரு வீட்டுல இருந்தாரா?”

“இருந்தான். பின்பக்கம் யார்கூடவோ போன்ல பேசிக்கிட்டிருந்தான்.”

“சந்தேகப்படறீங்களா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அந்த உறுமல் கேட்டபோது தன் மனதில் முதலில் வந்த முகம் அவனுடையதுதானே என்ற நினைப்பு நாக்கைக் கட்டிப்போட்டது. “விசாரிச்சுப் பாருங்க” என்றார்.

மறுநாள் ஜீப் கடை வாசலிலேயே போய் நின்றது. வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க மைத்துனனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அடிக்கவில்லை, வையவில்லை. கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஊர் வாய்க்கு உலைமூடி ஏது? “வீட்டுக்குள்ள போற வேலைப்பா இது. நாலு பேரு கேக்கறாங்க” என்று சொல்லி, முதலாளி அவனை வெளி வேலைக்கு அனுப்புவதை நிறுத்தினார்.

விஷயம் அக்காவின் காதுக்கு எட்டியபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கணவன் முன் நின்றாள்.

“நீங்களா சொன்னீங்க?”

“கேட்டாங்க, சொன்னேன்.”

“உங்க தட்டுல கை போட்டுச் சாப்பிட்ட பிள்ளைங்க அவன்.” திரும்பி அடுக்களைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவரிடம் தேவைக்கு மட்டும் பேசினாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்தக் கதைதான் பிறகு. கார் போன வீட்டில் பழைய ஸ்கூட்டர் ஒன்றுதான் மிச்சம். அதன் சக்கரத்துக்குச் சங்கிலி, கேட்டுக்கு இரட்டைப் பூட்டு, வாசலில் ஆள் அசைந்தால் எரியும் விளக்கு. தபால்காரரைக்கூட யாரென்று விசாரித்தார். பஸ் ஓட்டும்போது மஞ்சளாக எது கடந்தாலும் கழுத்து திரும்பிவிடும். ஒருநாள் அப்படித் திரும்பி நிறுத்தத்தையே தாண்டிவிட்டார். “என்னாச்சு அண்ணே?” என்று கண்டக்டர் பதறினார்.

எதிர்வீட்டு நர்ஸ், கார் போன சமயத்தில் மகள் பிரசவத்துக்காக வெளியூரில் இருந்தாள். திரும்பி வந்ததும் தன் வீட்டு வாசல் கேமராவில் பதிவாகியிருந்ததைப் போலீஸுக்குக் கொடுத்தாள். சில நாளில் இன்ஸ்பெக்டரம்மா அவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். முன்பின் தெரியாத இரண்டு பேர். ஒருவன் தோளில் தட்டையான பையோடு அவர் வீட்டுக் கதவருகே, முகவரி தேடுகிறவன் மாதிரி நிற்கிறான். இன்னொருவன் கார் பக்கத்தில். கார் விளக்கு கண் சிமிட்டுகிறது. கதவு திறக்கிறது. அவ்வளவுதான்.

“உங்க கார் மாதிரி பட்டனை அமுக்கி ஸ்டார்ட் பண்ற வண்டியோட சாவி எப்பவும் ஒரு சிக்னல் விட்டுக்கிட்டே இருக்கும் சார். பையில இருக்கற கருவி கதவு வழியா அதைப் பிடிச்சு, கார்கிட்ட இருக்கறவனுக்கு அனுப்பும். சாவி பக்கத்துலயே இருக்குன்னு கார் நம்பிடும். இனிமே எந்தக் கார் வாங்கினாலும் சாவியை வாசல்ல மாட்டாதீங்க. சிக்னலைத் தடுக்கற உறை விக்குது, அதுல போட்டு உள்ரூம்ல வைங்க. ஸ்டியரிங்குக்கு ஒரு இரும்புப் பூட்டும் போடுங்க.”

அவர் தலையாட்டினார். காதில் எதுவும் ஏறவில்லை. “அப்ப என் மச்சினன்...”

“அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

திருடர்கள் அகப்பட்டார்கள். கார் வேறு ஊர்க் கிடங்கு ஒன்றில், கதவுகள் கழற்றப்பட்ட கோலத்தில் கிடைத்தது. அதைப் போய் அடையாளம் காட்டினார். திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. உதிரிபாகக் கடைக்காரர் ஒருவரிடம் தள்ளிவிட்டார்.

பிறகு மைத்துனன் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவன் ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு, “உக்காருங்க அத்தான்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

“தப்புப் பண்ணிட்டேன் மாப்ளே. உன் முதலாளியைப் பார்த்து நானே சொல்றேன்.”

“சொல்லுங்க. அவரு நம்புவாரு. ஜீப்புல ஏறினதப் பார்த்தவங்க வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்வீங்களா?”

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தார்.

“போலீஸ் கேட்டது எனக்கு வலிக்கல அத்தான். அவங்க வேலை அது. உங்களுக்கு எப்படித் தோணுச்சு? அதைத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.” கோபமே இல்லாமல் கேட்டான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பார்.

அவர் முதலாளியைப் பார்த்துப் பேசினார். மைத்துனன் மறுபடி வெளி வேலைக்குப் போக ஆரம்பித்தான். கொஞ்ச நாளில் அக்காவின் வற்புறுத்தலுக்காக வீட்டுக்கும் வந்தான். கேட் திறந்துதான் இருந்தது. ஆனாலும் வெளியே நின்று மணி அடித்தான். அக்கா வந்து, “ஏன்டா நிக்கறே, உள்ள வா” என்றபிறகு, தோளில் இருந்த கருவி மூட்டையைக் கழற்றி வாசல் சுவரோரம் வைத்துவிட்டு, வெறுங்கையோடு உள்ளே நுழைந்தான்.

“மூட்டைய உள்ள கொண்டு வா மாப்ளே, யாராவது எடுத்துட்டுப் போயிடப் போறாங்க” என்றார் அவர்.

“பரவாயில்ல அத்தான். அங்கயே இருக்கட்டும்.”

சாப்பிட்டான், சிரித்தான், அக்காவைக் கேலி செய்தான். போகும்போது அவரிடமும் சொல்லிக்கொண்டு போனான். எல்லாம் முறைப்படிதான். அவன் தெருமுனை திரும்பும்வரை அவர் கேட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.