இராஜதுரையின் மூன்று டொலர் காசு

பாரிஸில், லா சப்பலில் நகை செய்து பிழைக்கிறேன். இராஜதுரையைப் போல ஒரு விசரனை நான் வேறெங்கும் கண்டதில்லை. உணவகத்தில் கோப்பை கழுவித் தேய்ந்த கைகள். அந்தக் கைகளால் இருபது வருடமாக அமெரிக்காவின் பழைய பொற்காசுகளைச் சேர்த்தார். 1854இல் அடித்த மூன்று டொலர் காசுதான் அவருக்கு உயிர். அதில் இறகு முடி சூடிய ஒரு பெண்முகம்.

"அண்ணை, முகத்திலை விரல் படக்கூடாது. விளிம்பிலை பிடியுங்கோ" என்பார். பொன்னோடு புழங்கும் எனக்கே பாடம்! அறையலாம் போலிருக்கும்.

போன ஞாயிறு பட்டப்பகலில், புறநகர் ஸ்தேனில் இருக்கும் அவர் வீட்டுக் கதவை உடைத்து மூன்று பேர் நுழைந்தார்கள். தங்கம் எங்கே என்று கேட்டுச் சுத்தியலால் அடித்ததில் அவருக்கு இரண்டு பல் போனது. வாய் திறக்கவில்லை. மனைவி நாகேஸ்வரியின் தாலிக்கொடியைப் பிடித்தார்கள். நான் செய்த கொடி, லேசில் அறாது. அறும்வரை அவளை வீடு முழுக்க இழுத்தார்கள். கழுத்துச் சதை கிழிந்து இரத்தம் ஓடியது. அப்போதும் மனுசன் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தார்.

பிறகு அரிசி மூட்டையைக் கவிழ்த்தார்கள். ஒளித்து வைத்த காசுகள் உருண்டன. ஒருவன் அந்த மூன்று டொலரை எடுத்து, முகத்தில் பெருவிரலை அழுத்தினான்.

"விளிம்பில் பிடி!" என்று பிரெஞ்சில் அலறிக்கொண்டு இராஜதுரை பாய்ந்து அவன் கையைக் கடித்துக் காசைப் பறித்தார். இன்னொருவனின் கத்தி அவர் உள்ளங்கையைக் கிழித்தது. விடவில்லை. மற்றதெல்லாம் அள்ளிக்கொண்டு அவர்கள் ஓடிவிட்டார்கள். அந்த ஒன்று மட்டும் அவர் பிடிக்குள் மிஞ்சியது.

இவ்வளவும் நாகேஸ்வரி சொன்னது. வெள்ளிக்கிழமை கழுத்தில் கட்டோடு, அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"அண்ணை, புதுத் தாலிக்குப் பொன்னுருக்க வேணும். மாப்பிள்ளை வீட்டுக் காசுதானே உருக்கிறது? இவரைப் போடச் சொல்லுங்கோ."

"பிள்ளை, இது உருக்கிற சாமானில்லை" என்றேன்.

"அப்ப நான் இழுபடுற சாமானோ?"

பொன் உருக்கும் மூசையை நெருப்பில் வைத்தேன்.

காசைப் பொத்திய கையை இராஜதுரை விரிக்கவில்லை. அவள் ஒவ்வொரு விரலாகப் பிடித்து நிமிர்த்தினாள். உள்ளங்கைத் தையல் பிரிந்து காசெல்லாம் இரத்தம்.

"வருசம் இருக்கிற பக்கத்தை ஒருக்காப் பாத்திட்டுத் தாறன், நாகேஸ்."

"என்ரை கழுத்தை ஒருக்காவெண்டாலும் பாத்தனீங்களோ?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கட்டின் ஓரம் ஊறிச் சிவந்திருந்தது. பிறகு அந்தக் காசை, விளிம்பில் பிடித்தபடியே, மூசைக்குள் போட்டார்.