நாற்பது ஜாக்கெட்டும் ஓர் ஊசி முனையும்

தெருவில் எல்லோருக்கும் அவர் பை அக்கா. பதினெட்டு வருடம் பள்ளிக்கூடப் பை தைத்தவருக்கு வேறு பெயர் ஒட்டவில்லை. இரண்டு அறை, நான்கு தையல் மெஷின், கூட வேலைக்கு நாத்தனார். அவ்வளவுதான் அவருடைய கம்பெனி.

கடலோரக் காவல் படையின் லைஃப் ஜாக்கெட் வேலை அவருக்குக் கிடைத்தது ஒரு கொக்கியால். பழைய ஜாக்கெட்டைப் பூட்ட இரண்டு கையும் வேண்டும். ஆடுகிற படகில் ஒரு கை எப்போதும் கம்பியைப் பிடித்திருக்குமே! பிள்ளைகள் ஒற்றைக் கையால் பூட்டும் பிளாஸ்டிக் கொக்கியை எத்தனையோ பைகளில் வைத்துத் தைத்தவர், அதையே கொஞ்சம் பெரிதாக்கி ஒரு மாதிரி அனுப்பினார். பெரிய கம்பெனிகளின் மாதிரிகளோடு அதையும் கடலில் போட்டுப் பார்த்தார்கள். ஏழு மாதம் கழித்து, முதலில் நாற்பது தாருங்கள் என்று கடிதம் வந்தது.

நாற்பதையும் தைத்து வேனில் ஏற்றிய காலையில், நாத்தனார் முகம் வெளுத்து நின்றாள்.

"அண்ணி, வேனை நிறுத்தச் சொல்லுங்க. நேத்து ஊசி ஒண்ணு உடைஞ்சுது. முனை கிடைக்கல. திட்டுவீங்கன்னு சொல்லாம இருந்துட்டேன்."

"எந்த ஜாக்கெட் தைக்கறப்ப?"

"ஞாபகம் இல்ல அண்ணி."

பை அக்கா ஓடிப்போய் வேனை நிறுத்தினார். கடலில் விழுந்தவனை மிதக்க வைப்பது ஜாக்கெட்டுக்குள் இருக்கும் காற்றுப் பைதான். அதைக் கிழிக்க அரிசி அளவு ஊசி முனை போதும்.

வேன்காரர் சலித்துக்கொண்டார். "ஒரு துண்டு ஊசிக்கா இவ்வளவு?"

"அந்த ஜாக்கெட்ட மாட்டி உன்னைக் கடல்ல தள்ளினா ஒத்துக்குவியா?"

மூட்டைகளை வேன்காரரே இறக்கினார்.

பை அக்கா காவல் படை அதிகாரிக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னார். "சரி, தேடுங்க" என்று மட்டும் சொல்லி அவர் வைத்துவிட்டார். ஆர்டர் கைவிட்டுப் போயிற்று என்றே அக்கா நினைத்தார்.

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒவ்வொரு தையலாக ஓட்டினார்கள். இருபத்திரண்டாவதில் டிக்கென்று ஒட்டியது. பார்த்தால் ஜாக்கெட்டில் தொங்கிய அளவு அட்டையில் அடித்த ஸ்டேப்ளர் பின். நாற்பதும் முடிந்தது, முனை இல்லை. அதுவும் நிம்மதி தரவில்லை. காந்தத்துக்கே தப்பியிருந்தால்?

ஓய்ந்துபோன நாத்தனார் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தாள். அவளுடைய செருப்பின் அடியில் ஏதோ மினுங்கியது. அக்கா இடுக்கியால் பிடுங்கி, நாத்தனார் டப்பாவில் போட்டிருந்த உடைந்த ஊசியோடு வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

அப்படியே தரையில் உட்கார்ந்து விட்டார்.

"உடைச்சதுக்குத் திட்டல, மறைச்சதுக்குத்தான் திட்டறேன். நேத்துல இருந்து மிதிச்சுக்கிட்டே திரிஞ்சிருக்கியே, குத்தலையா?"

"எனக்குத் தோல் தடிப்புன்னு நீங்கதானே சொல்வீங்க!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாத்தனாரே முதலில் சிரித்தாள்.

அதிகாரிக்கு மறுபடி போன் போனது.

"கிடைச்சிடுச்சா? நல்லதும்மா. நீங்க சொன்னதுல இருந்து, மத்தவங்க அனுப்பின சரக்கையும் காந்தம் வச்சுப் பாக்கச் சொல்லியிருக்கேன். நீங்க சாயந்தரத்துக்குள்ள அனுப்புங்க, போதும்."

மூட்டைகளை மறுபடி வேனில் ஏற்றிவிட்டு, மூன்று மணிக்கு, வேன்காரரையும் சேர்த்து, மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பசி என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.