சந்தனம் வைத்த செல்கள்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை சிறுசேரி லேபுக்குள் நுழைந்ததும் நேரே மேசைக்கு ஓடினேன். இன்குபேட்டருக்குள் 37 டிகிரியில் இருக்க வேண்டிய, செல்கள் வளரும் ஃபிளாஸ்க், ஏசி அறை மேசைமேல் சந்தனம் குங்குமத்தோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் இன்குபேட்டரைத் துடைப்பதற்காக அதை வெளியே எடுத்து வைத்து மறந்தவள் சாட்சாத் நானேதான்.

"எட்வின், நீயாவது உள்ள வெச்சிருக்கக் கூடாதா?"

லேப் அசிஸ்டென்ட் எட்வின் கோவளத்துக்காரர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார், ஆயுத பூஜைக்கும் அவர்தான் முதல் ஆள். "இன்னாக்கா நீ! பூஜையில வெச்சத மறுநாள் வரிக்கும் தொடலாமா? பொட்டு வேற வெச்சிகீது!"

விஷயம் இதுதான். ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களை நறுக்கி, துண்டுகளைத் தட்டு போன்ற ஒன்றில் ஏந்தி வெளியே காட்டும். வைரஸ் துண்டு தெரிந்தால் ரோந்து வரும் டி செல் என்ற வெள்ளையணு அந்தச் செல்லைத் தீர்த்துக்கட்டும். எங்கள் செல்லில் துண்டைத் தட்டுக்குக் கொண்டு சேர்க்கும் பம்ப் கிடையாது. துண்டு ஏறாத தட்டு நிலைக்காது, அதனால் வெளியே தட்டே அநேகமாக இருக்காது. நாங்களே துண்டு போட்டு, எது தட்டில் ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் போட்டும் ஒன்றும் ஒட்டவில்லை. புராஜெக்டை மூடப்போகிறார்கள், கூடவே என் கான்ட்ராக்டும் போகும் என்று பேச்சு.

கெட்டுவிட்டனவா என்று பார்க்க, சத்தம் காட்டாமல் அந்தச் செல்களை, செல் மேலுள்ள தட்டுகளை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினேன். தட்டு இல்லை என்று காட்ட வேண்டிய கிராஃப், தட்டு ஏராளம் என்று வலதுபக்கம் எகிறி நின்றது. எங்கள் தலைமை விஞ்ஞானி மாலினி மேடம் பின்னால் வந்து பார்த்தார்.

"வேற செல் கலந்துடுச்சு செல்வி. எல்லாத்தையும் தூக்கிப் போடு."

தலையாட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். மனசு கேட்கவில்லை. "கலக்கல மேடம். நேத்துலேர்ந்து வெளியவே விட்டுட்டேன்."

"ஏசி எவ்ளோல இருந்துச்சு?"

"இருபத்தாறு."

மேடம் ஒரு குதி குதித்தார். "காலித் தட்டு சூட்டுல கழண்டுடும், குளிர்ல நிக்கும், துண்டு ஒட்ட இடம் கிடைக்கும்! படிச்சிருக்கேன், இங்க செஞ்சு பாக்கத் தோணலையே!"

உடனே செல்களில் பாதிக்குத் துண்டு போட்டோம், பாதிக்குப் போடவில்லை. இரண்டையும் 37 டிகிரிக்கு மாற்றினோம். சாயங்காலம் ஓட்டினால், துண்டு போடாததன் கிராஃப் சரிந்துவிட்டது. துண்டு போட்டது அசையாமல் நின்றது. ஒட்டிவிட்டது! வராந்தாவில் மிச்சமிருந்த பொரியை வாரி வாரித் தின்று நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து லேபே எட்டிப் பார்த்தது. என் கான்ட்ராக்ட் பிழைத்தது.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தப்பு செய்தால் நேரம், சூடு, இடம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவிடுங்கள். அன்று நான் எழுதினேன்: "ஃபிளாஸ்க் வெளியே விடப்பட்டது. தவறு என்னுடையது." அதன் கீழே மேடம் எழுதினார்: "இனி எப்போதும் இப்படியே செய்யவும்."