கைக்கு மட்டும் ஒரு தட்டு

கரம்பொன்னில் என் வீட்டு முன்னறையில் நானே பலகை அடித்துச் செய்த பின்போல் (pinball) விளையாட்டுப் பெட்டி நிற்கிறது. பந்து திரையில்தான் ஓடும். அது மோதும்போது கையில் அடி தெரிய, உள்ளே மோட்டார்களும் மின்சாரத்தில் அடிக்கும் சுத்தியல்களும் வேண்டும். அவற்றுக்கு வயர் போட அல்லைப்பிட்டியிலிருந்து வள்ளத்து எஞ்சின் திருத்துபவர் ஒருவர் வந்தார். அகன்ற தோள், வெயிலில் செம்பட்டையான மீசை. பூட்டிய ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்ப்பார்.

“கடல் அடிச்சே என்ர வயர் கழரேல்ல. இதுக்குள்ளயோ கழரப்போகுது?” என்றார்.

கடைசியாக, வென்றதும் பலகையில் டொக் டொக்கென்று அடிக்கும் சுத்தியலைப் பரிசோதித்தோம். அவர் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டை வெட்டிச் சுத்தியலின் முனையில் சுற்றத் தொடங்கினார்.

“அண்ணை, வெண்டதுக்கு அந்தச் சத்தம்தானே விசேஷம்?” என்றேன்.

“ஆரோ கதவு தட்டுற மாதிரிக் கிடக்கு. சண்டைக் காலத்தில ராவில கதவைத் தட்டித்தான் ஆக்களைக் கொண்டுபோனவங்கள். எங்கட ஊரில உந்தச் சத்தத்தைக் கேட்டு ஒருத்தரும் சந்தோசப்படமாட்டினம். கைக்குத் தெரிஞ்சால் காணும்.”

மறுபடி பொத்தானை அழுத்தினார். சத்தமில்லை, பெட்டியைப் பிடித்திருந்த என் உள்ளங்கையில் மட்டும் ஒரு குத்து.

“இப்ப நீர் விளையாடும்,” என்றார். போகுமுன் அந்த ரப்பரையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

விடுமுறைக்கு வந்த கனடா மச்சான், வென்றால் சத்தம் கேட்கவேண்டுமென்று அந்த ரப்பரைக் கழற்றச் சொன்னார். ஏலாது என்றேன்.