நாய்ப் படம் போட்ட கேசட்

எங்கள் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் சொந்தமாக ராக் பாட்டுக் கட்டி, மதுரை ஸ்டுடியோவில் பதிவு செய்த முதல் கேசட் இது. குழுவின் பெயர் 'ராஜபாளையம் நாய்'. அட்டையிலும் ஒரு வெள்ளை நாய்.

நான் வேலை பார்க்கும் கடைக்கு இந்தக் கேசட்டுகள் வந்து ஒரு மாதமாகிறது. ஒன்றுகூட விற்கவில்லை. இன்றைக்குச் சாயங்காலம் எல்லாவற்றையும் அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார் முதலாளி அண்ணாச்சி.

மத்தியானம் ஆலங்குளத்துக்காரர் ஒருவர் அதைக் கையில் எடுத்தார்.

"ஏம்மா, இந்த நாய் எம்புட்டு நேரம் குரைக்கும்?"

அட்டையில் இருந்த நாயைப் பார்த்தேன்.

"எனக்கு நைட் ஷிப்டு. வீட்டுல அவ தனியா இருக்கா. நாய் வளக்கவும் விடமாட்டேங்கா. குரைக்கிற கேசட்டாவது போட்டு வைக்கலாம்னு பாக்கேன்."

"இது பாட்டுண்ணே" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"ஏட்டி, போட்டுத்தான் காட்டேன்" என்றார் அண்ணாச்சி.

போட்டேன். டிரம்ஸ் அதிர்ந்தது. பின்னணியில் ஒரு பெண்குரல் ஓங்கிக் கத்தும் இடம் வந்தது.

"யாரும்மா இந்தக் கத்து கத்துதது?"

"தெரியலண்ணே" என்று குனிந்துகொண்டேன். கத்தியது நான்தான்.

ஆலங்குளத்துக்காரர் செத்த நேரம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நாயே தேவலாம். இதக் கேட்டா எந்தக் கள்ளனும் நிக்க மாட்டான். குடு."

"மிச்சமெல்லாம் இங்கேயே இருக்கட்டும்ட்டி" என்றார் அண்ணாச்சி.

முதல் கேசட் விற்றுவிட்டது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். குதிக்கிறான். எதற்காக விற்றது என்பதையும் சொல்லட்டுமா, நீங்களே சொல்லுங்கள்.